அந்தப் புதுத் தட்டு யாருக்கு?

(கோவில்பட்டியில் இளைஞர்கள் நடுவே பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் வீட்டுக்கு ஒரு குழந்தை வரப்போகிறது. ஏழெட்டு வயது இருக்கலாம். ஆணா பெண்ணா, எந்த ஊர் என்பதெல்லாம் இன்னும் தெரியாது. வளர்ப்புப் பராமரிப்புக்கு மனுக் கொடுத்துவிட்டு நானும் என் இணையரும் காத்திருக்கிறோம்.

"தத்து எடுக்கீங்களா?" என்று கேட்கிறார்கள். தத்தெடுத்தால் குழந்தை சட்டப்படி நம் பிள்ளையாகிவிடும். இது வேறு. பெற்றவர்களால் வளர்க்க முடியாத நிலையில், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆவது பிரிவின்படி, குழந்தைகள் நலக் குழு ஒரு குடும்பத்திடம் குழந்தையை ஒப்படைக்கிறது. படிப்பு, சாப்பாடு, உடல்நலம் எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. மாதந்தோறும் ஆய்வு உண்டு. குழு தடுக்காதவரை, பெற்றவர்கள் அவ்வப்போது வந்து பிள்ளையைப் பார்க்கலாம். 2024இல் வந்த புதிய வழிகாட்டுதல்படி தனியாக வாழ்கிறவர்களும் இப்படி வளர்க்கலாம்.

வீட்டைத் தயார் செய்தோம். நம் ஊரில் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் பிழைப்பு. அந்தத் தொட்டிக்குக் கனமான மூடி போட்டோம். மாத்திரைகளை எட்டாத உயரத்தில் வைத்தோம். அலமாரியில் குழந்தைக்குக் கை எட்டும் கீழ்த்தட்டைக் காலி செய்தோம். இரவில் எரிய ஒரு சின்ன பல்பு. கொண்டுவரும் பழைய துணியை, கிழிசலே ஆனாலும், தூக்கி எறிவதில்லை என்று முடிவு செய்தோம். அதில் அதன் வீட்டு வாசனை இருக்கும். இந்த வேலையெல்லாம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்துவிட்டது.

முடியாத வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அம்மா கேட்டார்: "ஏய்யா, அது என்ன ஆளுக பிள்ளைன்னு விசாரிச்சியா?"

நான் இடைநிலைச் சாதியில் பிறந்தவன். இந்தக் கேள்வியைக் கேட்டே வளர்ந்தவன். "சட்டத்துல அப்படிக் கேக்கக் கூடாதும்மா" என்றேன். உண்மைதான். அதே சட்டத்தின் 3ஆவது பிரிவு, சாதியின் பேரால் எந்தக் குழந்தையையும் வேறுபடுத்தக் கூடாது என்கிறது. அம்மா பதில் பேசவில்லை. மறுவாரம் சந்தையிலிருந்து ஒரு புது எவர்சில்வர் தட்டும் தம்ளரும் வாங்கி வந்து, தனியாக ஒரு ஓரத்தில் வைத்தார்.

தோழர்களே, அது அன்பா, தீட்டா? எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை அம்மாவுக்கே தெரியாமல் இருக்கலாம்.

இந்த வாசலில் நமக்கு முன்பே நின்றவர்கள் இருக்கிறார்கள். தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த சிறுமிகளைச் சென்னை விடுதிகள் சேர்க்க மறுத்தபோது, முத்துலட்சுமி ரெட்டி அவர்களைத் தன் வீட்டிலேயே ஏற்றார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. திருச்சி நாகம்மையார் இல்லத்தில் பெற்றோர் பெயர் தெரியாத குழந்தைகளை மணியம்மையார் வளர்த்தார். "உங்க அப்பா யாரு?" என்ற கேள்விக்குப் பின்னால் சாதி ஒளிந்திருக்கும் சமூகத்தில், அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தாயாக நிற்பது சின்ன வேலை இல்லை.

நம் கரிசல் காட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. "நாங்க வளக்கோம்" என்று ஏழை வீட்டுப் பிள்ளையைக் கூட்டிவந்து மாடு மேய்க்கவும் பாத்திரம் தேய்க்கவும் விட்டார்கள். விடியுமுன் பிள்ளைகளை வண்டியில் ஏற்றித் தீப்பெட்டி ஆலைக்குக் கொண்டுபோன ஊர்கள் இவை. ஆகவே, "நாங்கள் நல்லவர்கள்" என்ற நினைப்போடு ஒரு குழந்தைக்குக் கதவைத் திறக்காதீர்கள். அந்த நினைப்பு பின்னால் நன்றியைக் கேட்கும். குழந்தை நமக்கு நன்றிக்கடன் பட்டதல்ல.

முற்போக்காளர்கள் செய்யக்கூடிய தவறு ஒன்றையும் சொல்கிறேன். "எங்க வீட்டுல சாதியே கிடையாது" என்று சொல்லிக்கொண்டு, வரும் பிள்ளையின் சாதிச் சான்றிதழைத் தொலைத்துவிடக் கூடாது. அது தலித் குழந்தை என்றால் இடஒதுக்கீடு அதன் உரிமை. நம் கொள்கைப் பெருமைக்காக அதைப் பறிக்க நமக்கு அதிகாரமில்லை. அந்தப் பிள்ளை போகும் பள்ளியும் சாதியில்லாத இடமல்ல. பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக்கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைக்க வேண்டியிருந்ததே! "உன் கையில ஏன் கயிறு இல்ல?" என்று யாராவது கேட்டால், அன்று மாலை அந்தக் குழந்தை நம்மிடம் வந்து சொல்லும்படி வீடு இருக்க வேண்டும்.

பெற்ற தாய் ஒருநாள் பிள்ளையைப் பார்க்க வருவார். அவரை எங்கே உட்கார வைப்போம்? எந்தத் தம்ளரில் டீ கொடுப்போம்? உண்மையான ஆய்வு அன்றைக்குத்தான். அதிகாரி அதை எந்தப் படிவத்திலும் எழுத மாட்டார். குழந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தத் தட்டு என்ன ஆயிற்று என்கிறீர்களா? சண்டை போடவில்லை. எடுத்து எல்லாத் தட்டுகளோடும் அடுக்கில் சேர்த்து வைத்தேன். அதிலேயே தினமும் சாப்பிடுகிறேன். முதல் நாள் அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் அவரே அதில் சோறு போட்டுச் சாப்பிட்டார். மனம் மாறிவிட்டார் என்று அடித்துச் சொல்லமாட்டேன். பிள்ளை வந்த பிறகுதான் தெரியும்.

ஆனால் இப்போது அது யார் தட்டு என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்களால் இதுவரை செய்ய முடிந்த தயாரிப்பு அவ்வளவுதான்.