பொட்டு வைத்த உடம்புப் படம்

(தோட்டக் கமிட்டி, மாதர் பிரிவு கூட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையில் குளவி கொட்டினால் பத்திரிகையில் செய்தி வருகிறது. அது வேலையில் நடந்த விபத்து என்று 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தைக் காட்டி நாம் பேசவும் முடிகிறது. இருபது வருஷம் கொழுந்து சுமந்து தேய்ந்த இடுப்புக்கு என்ன செய்தி வருகிறது? அது ஒரே நாளில் நடந்ததில்லை என்பதால் எந்தப் புத்தகத்திலும் பதிவாவதில்லை. கேட்டால், "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்கிறார்கள். எல்லாருக்கும் இருந்தால் கோளாறு வேலையில்தானே இருக்கிறது? அதைக் கண்ணால் காட்டத்தான் சித்திரக்காரரைக் கூப்பிட்டோம்.

பல நாட்டுத் தொழிற்சங்கங்கள் செய்கிற முறைதான் இது. ஆள் உயரத்துக்கு ஓர் உடம்பை முன்பக்கம், பின்பக்கம் வரைந்து தொங்கவிடுவது. வேலை செய்கிறவர்கள் தங்களுக்கு வலிக்கிற இடத்தில் அடையாளம் வைப்பது. நாங்கள் ஒட்டுப்பொட்டு வாங்கினோம். சிவப்பு என்றால் வலி. கறுப்பு என்றால் தோல் அரிப்பு, வெடிப்பு.

நம்ம லயத்தில் பிறந்து சித்திரம் படித்த தம்பி ஒருவர்தான் வரைந்தார். முதலில் கொண்டுவந்த படத்தில் தேயிலைப் பெட்டியில் இருக்கிற மாதிரி ஒரு பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். "ஏன் தம்பி, இந்தப் பிள்ளையை அட்டையே கடிக்காதா?" என்று ஓர் அக்கா கேட்டார். மடுவமே சிரித்தது. தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் மலைக்கு வந்து, ஒரு பகல் முழுக்க நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வரைந்தார். தலையில் கயிறு, இடுப்பில் படங்கு, சரிவில் ஊன்றிய கால். முகம் மட்டும் வேண்டாம் என்று நாங்கள் கேட்டுக்கொண்டோம்.

ஆம்பிளைகளுக்குத் தனிப் படம். மருந்தடிக்கிற அண்ணன்மார் தோளிலும் கையிலும் ஒட்டினார்கள். பெண்கள் ஒட்டும்போது கங்காணிமாரையும் தம்பியையும் வெளியே அனுப்பிவிட்டோம். கழுத்து, முழங்கால் எல்லாம் நாம் நினைத்ததுதான். இடுப்பில் பொட்டுக்கு மேல் பொட்டு. நினைக்காதது அடிவயிறு. ஒருவர் ஒட்டினார், பின்னால் நின்றவரும் பேசாமல் ஒட்டினார், கடைசியில் அந்த இடமே சிவந்துவிட்டது. இத்தனை வருஷக் கூட்டங்களில் யாரும் வாய் திறந்து சொல்லாத விஷயம் அது. மலையில் மலசலகூடம் இல்லை. அடக்கிக்கொள்கிறோம். அடக்க வேண்டுமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை.

அதே மடுவத்துச் சுவரில், "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று அழகான சுவரொட்டி ஒன்று இருக்கிறது! பிறகு விஷயத்தைச் சொன்னபோது தம்பி அதைப் பார்த்துவிட்டு, "இதையும் என்னைப் போல ஒருத்தன்தான் வரைஞ்சிருப்பான். அவனை யாரும் மலைக்குக் கூட்டிப்போகல" என்றார்.

சுகாதாரப் படமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கைகழுவச் சொல்லும் படமும் தேவைதான். ஆனால் படம் நமக்கு மட்டும் புத்தி சொன்னால் போதாது, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் அதைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்பவர் 1908 முதல், நூற்பாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சிறுபிள்ளைகளைப் படம் பிடித்தார். குழந்தைத் தொழிலுக்கு எதிரான இயக்கம் அந்தப் படங்களை ஊர் ஊராகக் காட்டியது. அவரும் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர்தான். எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமை.

அடுத்த பேச்சுவார்த்தைக்கு இந்தத் துணியைச் சுருட்டி எடுத்துப்போகிறோம். முதல் கோரிக்கை மலைக்குப் பக்கத்தில் மலசலகூடமும் குடிதண்ணீரும். மருந்தடிப்பவர்களுக்குக் கையுறை, சப்பாத்து அடுத்தது. இடுப்பு வலிக்கு ஒரே பேச்சில் வழி பிறக்காது. ஆறு மாதத்துக்கு ஒருதடவை படம் போட்டுப் பொட்டு கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்போம்.

தம்பிக்குக் கமிட்டிப் பணத்திலிருந்து இரண்டு நாள் சம்பளம் கொடுத்தோம். "படம் வரைகிறதுக்குமா சம்பளம்?" என்று ஒருவர் கேட்டார். அதைச் சங்கத்தில் நின்றுகொண்டு கேட்கலாமா!

மற்ற டிவிசன்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யப்போகிறோம். வீட்டுக்கு ஒரு பழைய வெள்ளைச் சேலையோ வேட்டியோ இருந்தால் மாதர் தலைவியிடம் கொடுத்துவையுங்கள். பொட்டு நாங்கள் கொண்டுவருகிறோம்.