உலர்பழம்: சத்தும் சுத்தமும்

(நமது சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், பாக்கெட்டில் வரும் திராட்சை, பேரீச்சை, அத்தி ஆகியவற்றைப் பற்றிப் பேசும்படி நம் காரியதரிசி பணித்தார்.

முதலில் சத்து. பச்சைத் திராட்சையில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். உலர்ந்தபின் மிஞ்சுவது 15 சதவீதம்தான். ஆகவே மற்றவை செறிவாகிவிடுகின்றன. 100 கிராம் உலர்திராட்சையில் ஏறக்குறைய 300 கலோரி. அதில் பாதிக்கு மேல் சர்க்கரை. நார்ச்சத்தும் பொட்டாசியமும் நிறைய உண்டு. வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் "பழம்தானே" என்று அலட்சியமாக இருக்கக்கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டே சாப்பிடவேண்டும்.

சோகை உள்ள பெண்ணிடம், "தினம் நாலு பேரீச்சம்பழம் சாப்பிடு, சரியாகிவிடும்" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் சிபாரிசு செய்தது. நாலு பேரீச்சையில் 2 மில்லிகிராம் கிடைப்பதே அரிது. அதிலும் உடலில் சேர்வது ஒரு பங்குதான். பேரீச்சை தாராளமாகச் சாப்பிடட்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்தவேண்டாம்.

அடுத்தது சுத்தம். "காய்ந்த பண்டத்தில் கிருமி ஏது?" என்பார்கள். இது பாதிதான் உண்மை. மிஞ்சிய தண்ணீரைச் சர்க்கரை பிடித்துவைத்துக்கொள்வதால் கிருமிகள் பெருக முடியாது. ஆனால் அவை சாவதில்லை. சால்மோனெல்லா போன்றவை மாதக்கணக்கில் அப்படியே உறங்கிக் கிடக்கும். ஈரம் பட்டால் விழித்துக்கொள்ளும். பாயசத்துக்கு நெய்யில் வறுக்கும் திராட்சைக்குச் சூடு கிடைக்கிறது. கல்கண்டோடு நைவேத்தியம் செய்து அப்படியே வாயில் போடும் திராட்சைக்கு அது இல்லை.

ஆகவே, சாப்பிடும் சமயத்தில் மட்டும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். இரவில் ஊறவைப்பவர்கள் ஃபிரிட்ஜில் வைத்து, காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். டப்பாவில் ஈரக் கை, ஈர ஸ்பூன் போடவேண்டாம். மும்பை, கொல்கத்தா, சென்னை போன்ற ஈரக்காற்று ஊர்களில், பாக்கெட்டைப் பிரித்தவுடன் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைப்பது உத்தமம்.

அத்தியின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தால் பயப்படவேண்டாம். நறநறவென்று இருந்து வெந்நீரில் கரைந்தால் அது சர்க்கரை. பஞ்சுபோல் இருந்து மக்கல் வாடை வந்தால் பூஞ்சணம். அத்தியில் அஃப்லடாக்ஸின், திராட்சையில் ஆக்ரடாக்ஸின் என்ற நஞ்சுகளைச் சிலவகைப் பூஞ்சணங்கள் உண்டாக்கும். கொதிக்கவைத்தாலும் அவை முழுதும் அழியா. காசு போகிறதே என்று பார்க்காமல் பாக்கெட்டோடு எறிந்துவிடுங்கள்.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். 220 முதல் 224 வரையுள்ள எண்கள் கந்தகப் பாதுகாப்புப் பொருள்களைக் குறிப்பவை. தங்க நிறத் திராட்சையிலும் ஆரஞ்சு நிற ஆப்ரிகாட்டிலும் இவை அதிகம் சேர்க்கப்படும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இவற்றால் மூச்சுத்திணறல் வரலாம். அவர்கள் இந்த எண்கள் இல்லாத பாக்கெட்டைத் தேடி வாங்குவது நல்லது.

தினம் ஒரு சிறு கைப்பிடி போதும். அதை உலர்ந்த கையால் எடுங்கள்.