மூளைக்குப் போகும் ஆகாரம்
(குப்பத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நான் டாக்டர் அல்ல. ரசாயனம் படித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே வைத்தியம் சொல்லப் போவதில்லை. நாம் சாப்பிடும் ஆகாரம் மூளைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைப் படித்த வரையில் சொல்கிறேன்.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவிகிதம்தான். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும், உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவிகிதம் அதற்கே போகிறது. இருந்தும், ரத்தத்தில் உள்ளதெல்லாம் மூளைக்குள் நுழைந்துவிட முடியாது. அதற்கு இரண்டு வாசல்கள் உண்டு.

முதலாவது, மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள். இவற்றின் சுவர் நெருக்கமாக அடைபட்டது. குளுக்கோஸ், அமினோ அமிலங்கள் போன்றவற்றை அதற்கென உள்ள புரதங்கள் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்கின்றன.

இரண்டாவது, மூளையின் உள்ளறைகளில் இருக்கும் கோராய்டு என்ற ரத்தக்குழாய்ப் பின்னல். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள தெளிந்த திரவத்தில் பெரும் பங்கு இங்கேதான் சுரக்கிறது. எந்த நேரத்திலும் இருப்பு சுமார் 150 மில்லி. தினசரி சுரப்பதோ சுமார் 500 மில்லி. அதாவது நாளொன்றுக்கு மூன்று தடவைக்கு மேல் புதுப்பிக்கப்படுகிறது. வைட்டமின் சி, ஃபோலேட் ஆகியவற்றை இந்தப் பின்னல் ரத்தத்திலிருந்து இழுத்துத் திரவத்தில் சேர்க்கிறது. ரத்தத்தில் இருப்பதைவிடத் திரவத்தில் இவற்றின் அடர்த்தி அதிகம்! உள்ளறைகளின் மெல்லிய படலம் வழியாகவும், ரத்தக் குழாய்களை ஒட்டிய இடைவெளிகள் வழியாகவும் இவை மூளைத் திசுவை அடைகின்றன.

இனி நமக்கு முக்கியமான விஷயம். ஃபோலேட் கீரையிலும் பருப்பிலும் தாராளமாக உண்டு. நமக்குப் பொதுவாகக் குறைவிராது. ஆனால் மூளைக்கு வந்து சேர்ந்த ஃபோலேட்டைச் செல்கள் பயன்படுத்த வைட்டமின் பி12 வேண்டும். அது இல்லாவிட்டால் சரக்கு வந்தும் பூட்டிக் கிடக்கும். சைவ உணவில் பி12 கிடைப்பது பால், தயிர், மோரிலிருந்துதான்.

இங்கிருந்து காட்பாடி மார்க்கமாக ரயிலில் போனால் வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகியோர் 1980-இல் 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு ஆய்வை வெளியிட்டனர். ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலில் பி12 தயாரிக்கும் பாக்டீரியாக்கள் இருப்பதை அவர்கள் கண்டார்கள். ஆனால் அதை நம்பி இருந்துவிட முடியாது. நம் நாட்டில் சைவ உணவுக்காரர்களிடையே பி12 குறைவு சகஜமாகக் காணப்படுகிறது.

வயதானால் வயிற்றில் அமிலம் குறைந்து, உணவிலுள்ள பி12 சரியாகப் பிரிந்து வராது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், வயிற்றெரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரை என்று வருஷக் கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும் இது குறையலாம். பாதத்தில் மரமரப்பு, நடையில் தள்ளாட்டம், மறதி ஆகியவை இதன் அடையாளங்கள். நாமோ, "வயசாயிடுத்து, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். நாள்பட விட்டால் நரம்புச் சேதம் முழுவதும் திரும்பாது.

ஆகவே டாக்டரிடம் சொல்லி, ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். சோகை என்று ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது; சோகை சரியாகும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் பாலையும் விட்டு 'வீகன்' ஆகிவிட்ட பிள்ளைகளிடம், பி12 மாத்திரை அவசியம் என்று அடுத்த முறை போனில் பேசும்போது சொல்லுங்கள்.