தங்கவயலின் இருப்புப்பாதை

கோலார் தங்கவயலுக்கு இருப்புப்பாதை வந்தது 1894-இல். பௌரிங்பேட்டை என்று அந்நாளில் வழங்கிய பங்காருப்பேட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் சென்று, மாரிக்குப்பத்தோடு அது நின்றுவிடுகிறது. சுரங்கங்களின் தேவைக்கு அதுவே போதுமாயிருந்தது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பாதையின் பணியும் மாறிற்று. பொன் அகழ்ந்தோரின் மக்கள் இன்று விடியுமுன் வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். வண்டி தவறினால் அன்றைய ஊதியமும் தவறும்.

மாரிக்குப்பத்தை ஆந்திரத்தின் குப்பத்தோடு இணைத்தால், முட்டி நிற்கும் இப்பாதை சென்னை–பெங்களூர்ப் பெருவழியில் மறுபுறமும் சேரும். தொலைவோ 24 கிலோமீட்டருக்கும் குறைவு. அன்றைய கோலார்த் தொகுதி உறுப்பினர் கே. எச். முனியப்பா 2009 முதல் 2012 வரை ரயில்வே இணையமைச்சராயிருந்தார். அக்காலத்திலேயே இத்திட்டம் ஒப்புதல் பெற்றது. எனினும் பத்தாண்டு கழிந்தும் பாதை முற்றுப்பெறவில்லை.

இதில் நாம் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. ஒப்புதல் என்பது விதை மாத்திரமே. ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்பட வேண்டும். இரு மாநிலங்களிலும் நிலம் பெறப்பட வேண்டும். பதவிகள் வரும், போகும். எக்கட்சியார் வென்றாலும், முன்னவர் தொடங்கிய பணியைத் தமதாகக் கொண்டு முடிப்பவரே மக்கள் தலைவர். அவ்வாறு முடிக்குமாறு அவரைக் கேட்டுக்கொண்டேயிருப்பது நம் கடமை.