ஒரு ஸ்பூன் சர்க்கரை

போன வருஷம் சோத்தையே தொடாம 20 நாள்ல 4 கிலோ குறைச்சேன். அடுத்த மூணு மாசத்துல 5 கிலோ திரும்பி வந்துச்சு. அப்பதான் புரிஞ்சது: காலம் முழுக்கச் செய்ய முடியாததை டயட்னு ஆரம்பிக்கவே கூடாது.

இந்த வாட்டி ஒரே ஒரு மாற்றம்தான். தினமும் நாலு டீ குடிப்பேன், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. அதை ஒண்ணாக்கினேன். ஒரு ஸ்பூன் சுமார் 4 கிராம். அப்போ தினமும் 16 கிராம் மிச்சம். வருஷத்துக்குக் கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 6 கிலோ சர்க்கரை!

முதல் ரெண்டு வாரம் டீ சப்புன்னுதான் இருந்துச்சு. இப்போ பழைய டீ திகட்டுது. ஆறு மாசத்துல குறைஞ்சது 1 கிலோதான். ஆனா அது திரும்பி வரல.

இன்னிக்கு உங்க டீயில அரை ஸ்பூன் குறைச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.