தீவிலே ஓர் உழவாரப் பணி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தொண்டு என்றவுடன் சைவ மக்களாகிய நமக்கு அப்பர் சுவாமிகளும் அவர் திருக்கரத்து உழவாரப் படையும் நினைவுக்கு வருகின்றன. திருக்கோயில் வீதியிற் புல்லைச் செதுக்குவதையே அப்பெருமான் தம் பணியாகக் கொண்டார். அத்தகைய பணியொன்று இந்து சமுத்திரத்துச் சிறு தீவிலே காட்டுயிர்களுக்காக நடைபெற்று வருகின்றது. அதனையே இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

மொறீசியஸ் நாட்டின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் இல் ஓ எக்ரெத் என்னும் தீவு உளது. பிரெஞ்சு மொழியிலே கொக்குத் தீவு என்பது அதன் பொருள். பரப்பு ஏறத்தாழ 26 ஹெக்டேர். டோடோப் பறவை 17ஆம் நூற்றாண்டில் அழிந்தொழிந்தது மொறீசியஸ் நாட்டிலேதான். மனிதர் மரங்களை வெட்டினர். எலிகள் கப்பலேறி வந்தன. அந்நியச் செடிகள் மண்டின. அந்நாட்டுக்கே உரிய இளஞ்சிவப்புப் புறாக்களுள் 1990ஆம் ஆண்டளவில் காட்டில் எஞ்சியவை ஏறக்குறைய 10 மாத்திரமே.

1965இல் காப்பகமாக்கப்பட்ட அத்தீவினை, மொறீசியஸ் வனவுயிர் நிறுவனம் 1980களிலிருந்து சீர்திருத்தி வருகின்றது. அங்கே தொண்டர்கள் செய்வது யாது? களை பிடுங்குகின்றனர்; சுதேச மரக்கன்றுகளை வளர்த்து நடுகின்றனர்; பறவைகளுக்குத் தீனி வைக்கின்றனர்; அவற்றின் கால் வளையங்களைப் பார்த்துக் கணக்கெடுக்கின்றனர். அந்நாட்டுப் பேராமைகள் முன்னரே அழிந்தமையால், அல்தாப்ரா இனத்து ஆமைகளைக் கொணர்ந்து விட்டனர். அவை கருங்காலி இன மரத்தின் பழங்களைத் தின்று விதைகளைப் பரப்புகின்றன. கூட்டில் வளர்த்து விடப்பட்ட புறாக்களும் பெருகியமையால், இன்று மொறீசியஸில் 400க்கு மேற்பட்ட இளஞ்சிவப்புப் புறாக்கள் சுதந்திரமாகப் பறக்கின்றன.

2020ஆம் ஆண்டு ஜூலை 25ஆந் திகதி வகாஷியோ என்னும் கப்பல் அருகிலே பவளப் பாரிற் தரைதட்டிற்று. ஆகஸ்ட் மாதத்தில் ஏறக்குறைய 1,000 தொன் எண்ணெய் கடலிற் கலந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் ஓடிவந்து, கரும்புத் தோகையைத் துணியில் அடைத்துத் தைத்து மிதவைத் தடுப்புக்கள் செய்தனர். தீவின் நாற்றுக்களும் சில பறவைகளும் பல்லிகளும் பத்திரமான இடங்களுக்கு அகற்றப்பட்டன. அம்மக்கள் போற்றற்குரியர். ஆயினும், காப்பதற்கு அங்கே ஒரு காடு இருந்தமைக்குக் காரணம், 30 ஆண்டுகளுக்கு மேலாக ஆரவாரமின்றிக் களை பிடுங்கிய கைகளே அல்லவா?

அன்பர்களே! 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக் கடலில் எரிந்து, பிளாஸ்டிக் மணிகள் கரையொதுங்கியபோது நம் நாட்டிலும் தொண்டர்கள் திரண்டனர். அனர்த்த வேளையில் ஓடிவருதல் இளைஞர்க்கு இயல்பு. யான் கேட்பது ஏனைய நாட்களைப் பற்றியே. படம் பிடிப்பாரும் மாலை சூட்டுவாரும் இல்லாத ஒரு சாதாரண சனிக்கிழமையில், கடற்கரையைத் துப்புரவு செய்ய நம்மில் எத்தனை பேர் வருவோம்?

புறா நன்றி கூறாது; ஆமை பாராட்டுக் கூட்டம் வைக்காது. கைம்மாறு செய்ய அறியாத உயிர்களுக்கு ஆற்றும் தொண்டே பயன் கருதாத் தொண்டு. உழவாரத்தைத் திருவிழாவுக்கு முதல்நாள் மாத்திரம் கையில் எடுத்தாற் போதாது. மாதம் ஒரு நாளையேனும் இப்பணிக்கென இச்சங்கம் ஒதுக்க வேண்டும் எனப் பணிவுடன் கேட்டு அமைகின்றேன்.