பேத்தி பார்த்தறியாத தாத்தா



தாத்தாவின் பெயரால் பேரப்பிள்ளைகள் நிறுவிய அறக்கட்டளை இது. ஆகவே ஒரு தாத்தாவையும் பேத்தியையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தாத்தா 1855இல் மறைந்தார். பேத்தி 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் தாத்தாவின் கைக்கு எட்டாமல் போன ஒன்றை எட்டிப் பிடித்தவர் அந்தப் பேத்திதான். அவர் ஐடா ஸ்கடர்; வேலூர் சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை உருவாக்கியவர். தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர்.

ஜான் ஸ்கடர் 1793இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவராக நன்றாகக் காலூன்றியிருந்தார். ஒருநாள் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன இடத்தில் சிறு பிரசுரம் ஒன்று கிடந்தது. பம்பாயில் ஊழியம் செய்த இரு மிஷனரிகள் எழுதியது. கிறிஸ்துவின் செய்தி இன்னும் எட்டாத கோடிக்கணக்கான மக்களிடம் யார் போவது என்று அது கேட்டது. அந்தக் கேள்வி அவரை விடவில்லை. மனைவி ஹாரியட்டிடம் சொன்னார், அவரும் இசைந்தார். ஜானின் தந்தைக்கு மட்டும் உடன்பாடில்லை. 1819 ஜூனில் கைக்குழந்தையோடு கப்பல் ஏறினார்கள். கல்கத்தாவில் இறங்கிச் சில நாட்களுக்குள் அந்தப் பெண் குழந்தை இறந்துவிட்டது. அவர்கள் திரும்பிப் போகவில்லை. அங்கிருந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பு அவர்கள் ஊராயிற்று. அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் புறப்பட்ட முதல் மருத்துவ மிஷனரி என்று ஜான் ஸ்கடரை வரலாற்றில் குறிப்பார்கள். அங்கே அவர் நோயாளிகளைப் பார்த்தார், பள்ளிகள் நடத்தினார், பிரசங்கம் செய்தார். அவருக்கு நற்செய்திதான் முதலில், மருந்து அதற்குப் பின்னால். இன்றைய கண்ணுக்கு அது உறுத்தலாம். அவருடைய நம்பிக்கையைக் கழித்துவிட்டு அவருடைய தொண்டை மட்டும் எடுத்துக்கொள்ள நாம் விரும்புகிறோம். ஆனால் அந்த நம்பிக்கைதான் அவரைக் கடல் கடக்க வைத்தது. முதல் குழந்தையைப் புதைத்த பிறகும் இங்கே நிற்க வைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் நியாயம் என்பது என் கருத்து.

1836இல் மைரன் வின்ஸ்லோவும் ஸ்கடரும் சென்னைக்கு வந்தார்கள். 1862இல் வெளிவந்த பெரிய தமிழ் – ஆங்கில அகராதிக்குரிய வின்ஸ்லோதான் அவர். தமிழ் படித்தவர்கள் அந்தப் பெயரை மறக்க மாட்டார்கள். ஸ்கடரோ ஊர் ஊராகப் போய்ப் பேசுவதிலும் பிரசுரங்கள் கொடுப்பதிலும் மீதி வாழ்நாளைச் செலவிட்டார். கடைசியில் உடல்நலம் தேடித் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போன இடத்தில், வின்பெர்க் என்ற ஊரில் காலமானார்.

ஹாரியட்டைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கணவர் வெளியூர் போனால் வீடும் பள்ளியும் அவர் பொறுப்பு. பெற்ற பிள்ளைகள் பலர். மண்ணுக்குக் கொடுத்தவர்களும் உண்டு. படிப்புக்காகச் சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி அனுப்பியவர்களும் உண்டு. கடிதம் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆன காலம் அது. ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாளையும் அவர் ஜெபத்தில் கழித்தார் என்று குடும்பத்தார் சொல்லி வந்தார்கள். ஏழு மகன்களும் இரண்டு மகள்களும் இந்தியாவில் ஊழியத்துக்கு வந்தார்கள். 1849இல் சென்னையில் ஹாரியட் கண்மூடினார். நான்கு ஆண்டு கழித்து, 1853இல், ஹென்றி, வில்லியம், ஜோசப் என்ற மூன்று சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். இன்னொரு மகன் சைலஸ் 1866இல் ராணிப்பேட்டையில் மருத்துவமனை திறந்தார். தலைமுறை தலைமுறையாக நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்கடர்கள் இந்தப் பணியில் இருந்திருக்கிறார்கள்.

இத்தனை மருத்துவர்கள் இருந்தும் ஒரு வாசல் மட்டும் திறக்கவே இல்லை. அது பிரசவ அறையின் வாசல். அந்நிய ஆண் உள்ளே போகக் கூடாது. இந்துக் குடும்பங்களிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் அதுவே வழக்கம். தாத்தாவால் முடியாதது மகன்களாலும் முடியவில்லை.

கடைசி மகன் இரண்டாம் ஜான் ஸ்கடரின் மகள்தான் ஐடா. 1876 – 78 தாது வருஷப் பஞ்சத்தில், ரொட்டியை வாங்கி வாயில் வைக்கவும் தெம்பில்லாத குழந்தைகளுக்குப் பிட்டு ஊட்டிய சிறுமி அவர். அந்தக் காட்சிகள் அவருக்கு இந்தியாவின் மீது ஒருவித அச்சத்தைத் தந்தன. அமெரிக்காவில் படித்து அங்கேயே வாழ்வது என்று முடிவு செய்திருந்தார். குடும்பப் பாரம்பரியம் வேண்டாம் என்றவர். தாயாருக்கு உடல்நலம் சரியில்லை என்று 1890இல் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஓர் இரவில், ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். பிராமணர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், இன்னொரு இந்து ஒருவர். மூவர் மனைவிக்கும் பிரசவம் சிக்கல். ஐடாவைத்தான் வரச் சொன்னார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவர் வருவார் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். மருந்தும் மருத்துவரும் கூப்பிடு தூரத்தில் இருந்தும் நடந்த சாவு அது. ஐடா பெற்றோரிடம் போய், மருத்துவம் படித்துத் திரும்பி வருகிறேன் என்றார்.

1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார், 1900இல் திரும்பினார். அதே ஆண்டில் தந்தை காலமானார். கைபிடித்து வழிகாட்ட மூத்த மருத்துவர் இல்லாமல்தான் அவர் வேலூரில் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகளோடு பெண்களுக்கான மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. தான் ஒருத்தி போதாது என்று அவருக்குத் தெரிந்தது. 1909இல் செவிலியர் பயிற்சி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. தாத்தாவுக்குத் திறக்காத வாசலுக்குள் இந்த மண்ணின் பெண்களே மருத்துவர்களாக நுழைந்தார்கள். பண்டத்தரிப்பிலிருந்து வேலூர் வர அந்தக் குடும்பத்துக்கு எண்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

பாரம்பரியத்தை மறுத்தவர் ஒருவர்தான் அதை முழுமையாக்கினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. தாத்தா செய்ததையே செய்ய அவர் முயலவில்லை. தாத்தாவால் ஆகாததைத் தேடிப் போனார். இந்த அறக்கட்டளையை நிறுவிய பேரப்பிள்ளைகளும் தங்கள் தாத்தாவின் வாழ்வில் எது பாதியில் நின்றது என்று தேடிப் பார்க்கலாம். அறக்கட்டளையின் உதவித்தொகையை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

அவர்களிடம் இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழில் அவர்கள் தாத்தாவின் படம் இருக்கிறது. பாட்டியின் பெயர் இல்லை. அவர் எழுதிய கடிதமோ, வீட்டுக் கணக்கோ, பிள்ளைகள் பிறந்த நாளைக் குறித்து வைத்த நோட்டோ பெட்டியில் இருந்தால் இந்தக் கல்லூரி நூலகத்துக்குத் தாருங்கள். அடுத்த ஆண்டு பேச வருகிறவர் அதை வைத்துக்கொண்டு அவரைப் பற்றிப் பேசட்டும்.